ஆணியில் இல்லாத கோட்டு

ஜூலை 4

அக்கா,

‘அன்புள்ள’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் அத்தனை பேர் பார்க்க உன்னை அப்படிப் பேசிவிட்டு, இங்கே வந்து அன்புள்ள என்று எழுதினால் காகிதமே சிரிக்கும். “பெத்தவ நானா, நீயா?” என்று நான் கேட்டது தப்பு. ஆனால் “படிப்புதான் பெருசுன்னா குழந்தைய என்கிட்ட விட்டுட்டுப் போடி, அப்புறம் கேட்டு வராதே” என்று நீ சொன்னதும் சரியில்லை. இரண்டும் ஒரு பக்கம் இருக்கட்டும். கோபத்தில் இருப்பவளுக்கும் விலாசம் தெரிய வேண்டுமே என்று எழுதுகிறேன்.

மிளகு நன்றாக இருக்கிறாள். நீ வைத்த பட்டப்பெயர் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். இரண்டு வரிக்கு ஒரு தரம் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். சிரிக்காதே.

கல்லூரி என்றால் நீ நினைப்பது போல இல்லை. பழைய பிஸ்கட் தொழிற்சாலை. மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னும் வெண்ணெய் வாசனை கிளம்புகிறது. பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை, மணி அடிப்பதில்லை. காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்கு என்ன செய்வது என்று முடிவு செய்கிறோம். வட்டத்தை நடத்துபவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஆகட்டும்’. யார் எதைச் சொன்னாலும் தாடியைத் தடவிக்கொண்டு “ஆகட்டும்” என்பார். கூரை ஒழுகுகிறது என்றாலும் ஆகட்டும்தான். ஆனால் வருடக் கடைசியில் ஆசிரியர் சான்றிதழ் உண்டு. அது கையில் வந்தால் வேலை, வேலையோடு ஒரு வீடு, அந்த வீட்டில் நானும் மிளகும். அவளுடைய அப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு எனக்குத் தெரிகிற ஒரே வழி இதுதான். இதையும் விட்டால் உன் வீட்டு மாடியில் நான் விருந்தாளி, கீழே அவள் உன் மகள் என்று ஆகிவிடும். அந்தப் பயத்தில்தான் அன்றைக்குக் கத்தினேன்.

இங்கே எல்லாம் பொது. நடையில் ஒரு பொது அலமாரி இருக்கிறது. வேண்டாத துணியைப் போடலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். என் நீலச் சட்டையை நேற்று நர்ஸ் போட்டிருந்தாள். (என் அறைத்தோழி. முன்பு நர்ஸாக இருந்தாள், இன்னும் அப்படியே கூப்பிடுகிறோம்.) சுத்தியல் பொது, ரம்பம் பொது, அடுப்பு பொது. குழந்தைகளும் பொது என்றால் பயந்துவிடாதே. படிக்க வந்தவர்களின் குழந்தைகளுக்கு ஒரு கூடம் இருக்கிறது. அதன் வாசலில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பச்சைக் கோட்டு. யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். ஆணியில் கோட்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை, நாம் போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இருக்கிறது, நம் வேலையைப் பார்க்கலாம். யார், எந்த நாள் என்று எழுதி வைப்பதில்லை. எட்டிப் பார்ப்பதும் கிடையாது. உள்ளே இருப்பவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம்.

முதலில் அந்த வாசலை விட்டு நகர மனசு வரவில்லை. இப்போது பழகிவிட்டது. பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தங்கை


ஜூலை 13

வாலு,

லெட்டர் வந்தது. நான் பேசற மாதிரிதான் எழுதுவேன், படிச்சவ மாதிரி எழுதணும்னு எதிர்பார்க்காதே.

நீ எழுதினதை உங்க மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரேடியோவ நிறுத்திட்டுக் கேட்டார்னா பார்த்துக்கோ. “ஆணி இருக்கு, கோட்டு இருக்கு, ஆளு எங்க?”ன்னு கேட்டார். எனக்கும் அதேதான். என் கடையில ஒரு காலர் திருப்பக் குடுத்தாலும் துணியில சீட்டுக் குத்தித்தான் வாங்கி வைப்பேன், யாருது, என்ன அளவுன்னு. ஒரு சட்டைக்கு இருக்கிற சீட்டு உங்க காலேஜ்ல ஒரு குழந்தைக்குக் கிடையாதா?

கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதே. அது அப்படியே இருக்கு. பெத்தவ நீதான், நான் மறுக்கல. ஆனா காய்ச்சல் வந்தப்ப ராத்திரி முழுக்கத் தோள்ல போட்டு நடந்தவ யாருன்னு உன் பொண்ணுகிட்டக் கேளு.

மிளகுக்கு மஞ்சள் கவுன் ஒண்ணு தச்சு இத்தோட அனுப்பறேன். உனக்கு ஒண்ணும் இல்ல.

பகல்ல அவளைப் பார்த்துக்கறது யாருன்னு எழுது. யாரோ ஒருத்தர்னு எழுதாதே. ஆளைச் சொல்லு.

அக்கா


ஜூலை 26

அக்கா,

கவுன் அளவெடுத்த மாதிரி இருக்கிறது. அளவே எடுக்காமல் எப்படித் தைத்தாய்? போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நாலு சுற்று சுற்றினாள். அவள் அப்படி ஆடி நான் பார்த்துப் பல நாளாகிறது. அதைத்தான் எழுத வேண்டும்.

மிளகு அமைதியாகிவிட்டாள். வந்த புதிதில் கூடத்தில் விட்டால் கட்டடமே கேட்கும்படி அழுவாள். இப்போது காலையில் அவளே என் கையை உதறிவிட்டு ஓடுகிறாள். அவள் மட்டும் இல்லை, மதியத்தில் கூடத்திலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. வட்டத்தில்கூடப் பாராட்டினார்கள். “யார் பார்த்துக்கறாங்களோ, நல்லாப் பார்த்துக்கறாங்க” என்றார் ஆகட்டும். எல்லோரும் கை தட்டினோம். யாருக்குத் தட்டினோம் என்று அப்போது தோன்றவில்லை.

அறைக்கு வந்ததும் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

“என்னடி கண்ணு பண்றே?”

“கோட்டம்மா விளையாட்டு.”

“அது எப்படி விளையாடறது?”

“திரும்பக் கூடாது.”

“யாரு திரும்பக் கூடாது?”

“நாங்க. கோட்டம்மாவும் திரும்ப மாட்டாங்க.”

“அப்ப அவங்க மூஞ்சி எப்படி இருக்கும்?”

பிறகு எழுந்து வந்து என் பின்னந்தலையில் கையை வைத்து, “இங்க வரைக்கும்தான் இருக்கு” என்றாள்.

நீ ஆளைச் சொல் என்றாயே, அதனால் நர்ஸைக் கேட்டேன். “மதியத்துல கூடத்துக்கு நீதானே போறே?” “நானா? நான் போய் எவ்வளவோ நாளாச்சு. எப்பப் பார்த்தாலும் ஆணி காலியா இருக்கு, நீதான் இருக்கேன்னு நினைச்சேன்” என்றாள். நான் அவள் என்று நினைத்திருந்தேன். அடுத்த அறைக்காரர்கள் எங்கள் இருவரில் ஒருத்தி என்று நினைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. நீ அனுப்பிய கவுன் காலையில் ஜன்னல் கொக்கியில் மாட்டிக் கீழ்மடிப்பு கிழிந்துவிட்டது. சாயங்காலம் பார்த்தால் தைத்திருக்கிறது. உள்பக்கமாகப் பிடித்து, வெளியே தெரியாமல், எறும்புக்கால் மாதிரிப் பொடித் தையல். எனக்குத் தெரிந்து அப்படித் தைப்பவள் நீ ஒருத்திதான். நேராகவே கேட்கிறேன். கோபத்தையும் விட முடியாமல், குழந்தையையும் பார்க்காமல் இருக்க முடியாமல், ஒளிந்து ஒளிந்து வந்து போகிறாயா? வந்திருந்தால் சொல்லிவிடு. திட்டமாட்டேன். சொல்லப்போனால் நிம்மதியாக இருக்கும்.

உன் தங்கை


ஆகஸ்ட் 3

வாலு,

வந்தேன். மறைக்கல. ஒரு தடவைதான்.

இருபதாம் தேதி, வியாழக்கிழமை. துணி எடுக்க வந்தவ, பக்கம்தானேன்னு பஸ் மாறி வந்துட்டேன். கேட்டைத் திறந்து நடந்தா யாரும் யாருன்னு கேட்கல. நல்ல காலேஜ்! மாடு வந்தாக்கூட வட்டத்துல உட்கார வச்சிருவீங்க போல. குழந்தைங்க கூடம் எதுன்னு நானே கண்டுபிடிச்சுப் பக்கவாட்டு ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன்.

நீ இருந்தே. பச்சைக் கோட்டு போட்டு, ஒத்தைப் பின்னல் போட்டு, நான் வெட்டிக் குடுத்த சிவப்பு நாடாவக் கட்டிக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குட்டி நாற்காலியில உட்கார்ந்திருந்தே. குழந்தைங்க எல்லாம் வரிசையாச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கு, மிளகும்தான். அது என்னடி விளையாட்டு? நீ ஏதோ முனகிட்டிருந்தே, பாட்டா என்னன்னு புரியல. நான் ஜன்னல் கம்பியை மோதிரத்தால தட்டினேன். கேட்டிருக்கும். நீ திரும்பல. பார்க்க இஷ்டமில்லாமத்தான் இப்படி இருக்கேன்னு நினைச்சு, வந்த கால் வலியோட திரும்பிட்டேன். பஸ்ல அழுதுட்டே வந்தேன், போதுமா?

அவ்வளவுதான் நான் வந்தது. கவுனை நான் தொடல. நான் தச்சிருந்தா மஞ்சள் நூல்லதான் தச்சிருப்பேன். அது என்ன நூல்னு பாரு.

அக்கா


ஆகஸ்ட் 10

அக்கா,

பச்சை நூல்.

இருபதாம் தேதி நான் கல்லூரியில் இல்லை. ஆசிரியர் படிப்புக்காரர்கள் அத்தனை பேரையும் விடிகாலையில் வேனில் ஏற்றி, வகுப்பு எடுத்துப் பழக ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது விளக்கு போட்டாகிவிட்டது. நர்ஸும் என்னோடுதான் இருந்தாள். சிவப்பு நாடா கட்டிய ஒற்றைப் பின்னலோடு நான் அன்று முழுக்க வேறு ஊரில் கரும்பலகை இல்லாமல் கூட்டல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ தட்டியது என் முதுகை அல்ல.

உன் கடிதத்தோடு நேராக வட்டத்துக்குப் போனேன். கேட்டேன். “இந்த வாரம் மதியத்துல கோட்டுப் போட்டவங்க கை தூக்குங்க.” யாரும் தூக்கவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “சரி, போன வாரம்?” ஒரு கைகூட இல்லை. “அதுக்கு முந்தி?” சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். தாடியைத் தடவிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. அக்கா, அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை. நான் அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

கோட்டைத் தேடிப்போனோம். அது நல்ல பிள்ளை மாதிரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் மடிப்பில் நூல் உருவிய தடம் இருந்தது. யாரும் போடக் கூடாது என்று அப்போதே எடுத்துப்போய்ச் சமையலறைக்குப் பின்னால் எரித்தோம். சீக்கிரம் எரியவில்லை. மழையே இல்லாமல் வெண்ணெய் வாசனை அடித்தது. இனி எல்லாம் சரி என்று அவரவர் அறைக்குப் போனோம். படித்தவர்கள் செய்கிற காரியத்தைக் கேள் இனி.

மறுநாள் மதியம் நடையில் போகிறேன். கூடத்து வாசலைத் தாண்டும்போது வழக்கம்போல் ஆணியைப் பார்த்தேன். காலி. சரி, உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். கோட்டை எரித்த கூட்டத்தில் தீக்குச்சி கிழித்தவளே நான்தான்! படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் உறைத்தது. இல்லாத கோட்டு எப்படி ஆணியில் தொங்கும்? இனி அந்த ஆணி என்றைக்கும் காலிதான். அதைப் பார்க்கிற எங்களுக்கு என்றைக்கும் உள்ளே ஆள் இருக்கிறதுதான். காலையிலிருந்து ஒவ்வொருவராக அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தாண்டிப் போயிருக்கிறோம். நர்ஸ், அடுத்த அறைக்காரர்கள், ஆகட்டும், எல்லோரும்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. குழந்தைகள் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கைகள் மடியில். நடுவில் குட்டி நாற்காலி. அதில் யாரும் இல்லை. எல்லோரும் ஒரே தாளத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள், யாரோ பாடுகிற மாதிரி. நான் கூப்பிட்டேன். என் மகள் திரும்பவில்லை அக்கா. “உஷ்” என்றாள். “திரும்பினா போயிடுவாங்க.”

தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான்கு மாதம்தான் பாக்கி, இப்போது விட்டால் இந்த வருடம் வீண், அடுத்த வருடம் சேர்ப்பார்களா என்பதும் தெரியாது. ஆனால் இவளை இன்னொரு மதியம் இங்கே வைத்திருக்க முடியாது. என்னிடமிருந்து பறிக்கப் பார்க்கிறாய் என்று உன்னைச் சொன்னேன். இப்போது நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து கேட்பேன். அன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. அது ஒன்றை மட்டும் சத்தியம் பண்ணு.

உன் தங்கை


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை அடிக்கவில்லை, பார்த்தாயா?

நீ வாசலில் ஒரு வார்த்தை கேட்காமல் அவளை வாங்கிக்கொண்டதை நினைத்துப் பேருந்தில் நானும் அழுதேன். கணக்கு சரியாகிவிட்டது. மாமா முதுகில் யானைச் சவாரி போய் அவள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. எத்தனை நாள் கழித்து அந்தச் சத்தம்! என் சாம்பல் நிறச் சால்வையை உன் வீட்டிலேயே மறந்துவிட்டேன். இருக்கட்டும், தூங்கும்போது அவளுக்குப் போர்த்திவிடு. என் வாசனை இருக்கும்.

இங்கே நல்ல செய்திதான். ஆகட்டும் தானே குறடு கொண்டுவந்து ஆணியைப் பிடுங்கினார். இப்போது முறை வைத்திருக்கிறோம், தினமும் இரண்டு பேர், முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்கிறோம். அதைவிடப் பெரிய விஷயம், குழந்தைகள் மாறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே. நாங்கள் ஊருக்குப் போன அன்றைக்கே கூடத்தில் ஒரே ரகளையாம். அடித்துக்கொள்கிறார்கள், கத்துகிறார்கள், சுவரில் கிறுக்குகிறார்கள், யாருமே சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. நர்ஸின் பையன் நேற்று என்னைக் கடித்துவிட்டான். எல்லோருக்கும் சந்தோஷம். போய்விட்டது என்கிறார்கள்.

எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. இங்கே கேட்கிற வழக்கம் இல்லையே.

மிளகு எப்படி இருக்கிறாள் என்று உடனே எழுது. சாப்பிடுகிறாளா? சத்தம் போடுகிறாளா?

உன் தங்கை


ஆகஸ்ட் 28

வாலு,

சாப்பிடறா, தூங்கறா. முதல் நாலு நாள் வீட்டைத் தலைகீழா ஆக்கினா. இப்ப சமர்த்தாயிட்டா. நான் மிஷின்ல உட்கார்ந்தா அவபாட்டுக்கு உள்ரூம்ல விளையாடுவா, இருக்கற இடமே தெரியாது.

போன வாரம் ஒரு கூத்து. “பெரியம்மா, ஒரு ஆணி அடிச்சுக் குடு”ன்னு ஒரே அடம். உள்ரூம் வாசல்ல, இங்கதான்னு விரல் வச்சுக் காட்டறா. குழந்தை கேட்குதேன்னு உங்க மாமா அடிச்சுக் குடுத்தார். “என்னடி மாட்டப் போறே?”ன்னேன். “ஒண்ணும் மாட்டக் கூடாது. மாட்டினா வர மாட்டாங்க”ன்னா. எனக்கு அப்பவே உன் காலேஜ் ஞாபகம் வந்துடுச்சு. குழந்தை பார்த்ததைத்தானே விளையாடும்? நீ பயந்ததுல பாதி உன் தூக்கமில்லாத கண்ணு, மீதி அந்த யாரு எவருன்னு கேட்காத இடம். உன்னை மாதிரிப் பின்னல் போட்ட எவளோ வந்து போயிருக்கா. அதான் நடந்திருக்கும். இருந்தாலும் ஆணி காலியா இருக்க வேண்டாமேன்னு உன் சால்வையை எடுத்து அதுல மாட்டி வச்சேன். ரெண்டு நாள் மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டா. அப்புறம் சரியாயிட்டா.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஏண்டி, நான் அன்னைக்குச் செஞ்சதை எனக்கே திருப்பிச் செய்யறியா?

நேத்து மத்தியானம் ஒரு கல்யாணத் துணி அவசரம், தலைய நிமிர்த்தல. தண்ணி குடிக்க எழுந்தா ஆணியில சால்வை இல்ல. எட்டிப் பார்த்தேன். வந்திருக்கே. சொல்லாம கொள்ளாம, பின்கதவு வழியா. சால்வையப் போர்த்திக்கிட்டு, சிவப்பு நாடாவும் பின்னலுமா, எனக்கு முதுகைக் காட்டிக் குழந்தைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கே. இந்தத் தடவை நான் ரோஷப்பட்டுப் போகல. வாசல்லயே நின்னு கூப்பிட்டேன். “வாலு”ன்னேன். “எப்படி வந்தே, சாப்பிட்டியாடி?”ன்னேன். நீ அசையல. உன் பொண்ணுதான் சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னா, “அவங்க திரும்ப மாட்டாங்க பெரியம்மா”ன்னு.

கடையில ஆள் கூப்பிட்டாங்கன்னு போய்ட்டு வந்தா நீ இல்ல. சால்வையும் இல்ல.

குழந்தையப் பார்க்க வந்தவ என் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போனா என்ன குறைஞ்சுடும்? இன்னும் என்மேல என்ன கோபம்? திருப்பிக் குடுக்க மாட்டேன்னு பயமா? சத்தியம்தான் பண்ணிட்டேனே. இன்னொரு தடவை வந்தா முன்வாசல் வழியா வா. ஆணி காலியாத்தான் இருக்கு, அதுல மாட்ட வீட்ல வேற ஒண்ணும் கையில கிடைக்கல.

அக்கா


தந்தி
ஆகஸ்ட் 31

நான் வரவில்லை. ஆணியைப் பிடுங்கு. குழந்தையை மடியிலிருந்து இறக்காதே. புறப்பட்டுவிட்டேன். முன்வாசலில் தட்டுவேன். என் முகத்தைப் பார்த்த பிறகு கதவைத் திற.